டீமில் ஒருவன் பெரிய தப்பு செய்துவிட்டால்: பள்ளிக் கோச்சுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த மாதிரி விஷயம் பெரும்பாலும் பெரிய மேட்சுக்கு இரண்டு நாள் முன்னால்தான் காதுக்கு வரும். பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒருவன் மட்டும் வீட்டுக்குப் போகாமல் சுற்றிச் சுற்றி வருவான். "சார், ஒண்ணு சொல்லணும்" என்பான். அவன் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மனசு ஒரு கணக்கைப் போட்டு முடித்திருக்கும்: செய்தது யார், அவன் இல்லாமல் சனிக்கிழமை எப்படி ஆடுவது? இந்தக் கணக்கு எல்லா கோச்சுக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. வந்தால் வரட்டும். முடிவெடுக்கும் இடத்தில் அதை உட்கார விடக்கூடாது, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு லேட்டாக வருவது, நடுவரிடம் வாய் கொடுப்பது இதெல்லாம் இங்கே பேச்சில்லை. அடித்துக் காயப்படுத்துவது, ஜூனியர்களை ராகிங் செய்வது, பாலியல் சீண்டல், போதைப்பொருள், திருட்டு, ஒருவரைக் குறிவைத்து நெட்டில் அசிங்கப்படுத்துவது போன்றவற்றைத்தான் சொல்கிறேன். 'பையன்', 'அவன்' என்று எழுதுவது வசதிக்காக. பெண்கள் டீமுக்கும் இதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோச்சின் கையில் இருக்கும் அதிகாரம் ஒன்றே ஒன்று: பள்ளியின் ஜெர்சியை யார் போட்டுக்கொண்டு இறங்குவது என்பது. துப்பறிவதும் தீர்ப்புச் சொல்வதும் வேறு ஆட்களின் வேலை. இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசுவது யாருடைய வேலையும் இல்லை, குறிப்பாக உங்களுடையது இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கீழே சொல்கிறேன்.

சீசன் தொடங்கும் முன்: ஒரு பக்கக் காகிதம்

1999 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் ஹை ஸ்கூலில் கென் கார்ட்டர் என்ற பாஸ்கெட்பால் கோச் ஜிம்மைப் பூட்டிவிட்டார். டீம் அதுவரை ஆடிய 13 மேட்சிலும் ஜெயித்திருந்தது. காரணம் படிப்புதான், குற்றம் எதுவும் கிடையாது. சீசன் ஆரம்பத்தில் பையன்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருந்த மதிப்பெண்ணைச் சிலர் எட்டவில்லை. ஊரில் பலர் அவர்மேல் பாய்ந்தார்கள். ஆனால் "இப்படி ஒரு ரூல் இருப்பதே தெரியாது" என்று மட்டும் எந்தப் பையனாலும் சொல்ல முடியவில்லை. கையெழுத்து இருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு பக்கம் வேண்டும். எந்தெந்தச் செயலுக்கு மேட்சிலிருந்து உடனே நிறுத்தப்படுவார்கள், அதை முடிவு செய்வது யார், பள்ளிக்கு வெளியே நடந்தால் என்ன, போனிலும் குரூப்பிலும் செய்வது இதில் சேருமா, முடிவு சரியில்லை என்றால் யாரிடம் முறையிடலாம். இவ்வளவு போதும். பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும், பள்ளித் தலைமை பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் சொந்த ரூல் என்றால் முதல் செல்வாக்கான அப்பா போன் பண்ணும்போதே அது கிழிந்துவிடும்.

'எந்தத் தப்புக்கும் நிரந்தர நீக்கம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் நண்பனின் விளையாட்டு வாழ்க்கையே போய்விடும் என்று தெரிந்தால் பக்கத்தில் நின்று பார்த்தவன் வாயே திறக்க மாட்டான். தண்டனையில் படிகள் இருக்கும் இடத்தில்தான் உண்மை வெளியே வரும்.

முதல் ஒரு மணி நேரம்

வந்து சொல்பவனைச் சொல்ல விடுங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். "நீ ஏன் அங்கே போனே?" "நிஜமாவா?" இரண்டும் வாயில் வரவே கூடாது. "என்ன நடந்துச்சு? இப்போ யாருக்காவது ஆபத்து இருக்கா?" இது போதும். விவரம் தோண்டத் தோண்ட, பின்னால் முறையாக விசாரிக்க வருகிறவர்களுக்கு அந்தப் பிள்ளையின் வாக்குமூலம் கலங்கிப்போய்க் கிடைக்கும். உங்கள் கேள்வியில் இருந்த வார்த்தைகளே அவன் பதிலில் ஏறியிருக்கும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல சார்?" என்று கட்டாயம் கேட்பான். சரி என்று சொல்லாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. நான் இப்போது சொல்வது இதுதான்: "தெரிய வேண்டியவங்களுக்கு மட்டும் சொல்லுவேன். டீம்ல யாருக்கும் தெரியாது. யார்கிட்ட சொன்னேன்னு உன்கிட்ட சொல்லுவேன்."

அப்புறம் பாதுகாப்பு. காயம்பட்டவனும் காயப்படுத்தியவனும் அன்றைக்கு ஒரே பஸ்ஸில், ஒரே டிரஸ்ஸிங் ரூமில் இருக்கக் கூடாது. இடம் மாற வேண்டியது காயப்படுத்தியதாகச் சொல்லப்படுபவன்தான். அடிபட்டவனை "ரெண்டு நாள் வீட்ல இரு" என்று அனுப்புவது அவனுக்குத் தண்டனை கொடுப்பது போலத்தான். ஆனால் பள்ளிகளில் இதுதான் அடிக்கடி நடக்கிறது.

போன் விஷயத்தில் ரொம்ப எச்சரிக்கையாக இருங்கள். "வீடியோ இருக்கு சார், அனுப்பட்டுமா?" என்பார்கள். வாங்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், தலைமையாசிரியருக்கு ஃபார்வர்டும் செய்யாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் சம்பந்தப்பட்ட ஆபாசப் படம் என்றால் வைத்திருப்பதும் அனுப்புவதும் பல நாடுகளில் குற்றம். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன் என்பது அங்கே எடுபடாது. யாரிடம் இருக்கிறது, எந்த குரூப்பில் வந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு, "எதையும் அழிக்காதே, யாருக்கும் அனுப்பாதே" என்று சொல்லுங்கள். மற்றதை போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் செய்த தப்பு

பல வருஷத்துக்கு முன்னால் என் டீமில் மூன்று சீனியர்கள் ஒரு புதுப் பையனை ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார்கள். அதற்கு முன் அவனை என்ன செய்தார்கள் என்று அன்றைக்கு நான் முழுதாகக் கேட்கவும் இல்லை. நாலு பேரையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். சீனியர்கள் தலையைக் குனிந்து ஸாரி சொன்னார்கள். "சரி, கை கொடுத்துக்கோங்க, இதோட முடிஞ்சது" என்றேன். அந்தப் பையன் கையை நீட்டினான். விரல்கள் மடங்கியே இருந்தன. பெரியவன்தான் அதைப் பிரித்துப் பிடித்துக் குலுக்கினான். எனக்கு அது கண்ணில் பட்டது. மூன்று நாளில் மேட்ச் இருந்ததால் மனசில் பதியவில்லை. அடுத்த வாரம் அவன் டீமிலிருந்து விலகிவிட்டான். காரணமாக எழுதிக் கொடுத்தது 'படிப்பு'.

அன்றைக்கு நான் நடத்தியதற்குப் பெயர் சமாதானம் இல்லை. என் முன்னால், என் அதிகாரத்துக்குப் பயந்து, அவன் மன்னித்தாக வேண்டியிருந்தது. பலம் சமமில்லாத இரண்டு பேரை நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசவைக்காதீர்கள். காயம்பட்டவனே பின்னால் ஒரு நாள் கேட்டால், பயிற்சி பெற்ற கவுன்சிலர் இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

அன்றைக்கே புகார்

கேட்டது குற்றமாக இருக்கலாம் என்று தோன்றினாலே போதும், உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். பல நாடுகளில் ஆசிரியருக்கும் கோச்சுக்கும் குழந்தை மீதான வன்கொடுமை பற்றிச் சந்தேகம் வந்தாலே புகார் கொடுப்பது சட்டக் கடமை, கொடுக்காமல் விடுவதே குற்றம். தலைமையாசிரியரிடம் சொன்னதும் உங்கள் கடமை தீர்ந்துவிட்டதா, நீங்களே நேரடியாகவும் சொல்ல வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைச் சம்பவம் நடந்த பிறகு தேடாதீர்கள், சீசனுக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் தாமதமானால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டூபன்வில் என்ற ஊர் பெயர்போனது. 2012 ஆகஸ்டில் ஒரு பார்ட்டியில் 16 வயதுப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். 2013 மார்ச்சில் அந்த ஊர் ஹை ஸ்கூல் ஃபுட்பால் டீமைச் சேர்ந்த இரண்டு பேரை சிறார் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. நீதிமன்றத்தில் காட்டப்பட்ட மெசேஜ்களில் ஒன்றில், கோச் பார்த்துக்கொள்வார் என்ற தோரணையில் ஒரு பையன் நண்பனுக்கு எழுதியிருந்தான். கோச் என்ன செய்தார், செய்யவில்லை என்பதை விடுங்கள். தப்பு செய்த பையனுக்கு முதலில் தோன்றியது 'நம்ம கோச் நம்மைக் காப்பாற்றுவார்' என்பது. அந்த நம்பிக்கை ஒரே ராத்திரியில் வந்திருக்காது. அந்த வருஷ முடிவுக்குள் பள்ளி நிர்வாகத்தில் இருந்த பெரியவர்கள் சிலர் மீதும் வழக்குப் பதிவானது.

எழுதி வைப்பதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். தேதி, நேரம், யார் சொன்னது, அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே. 'ரவுடித்தனமாக நடந்துகொண்டான்' என்பது உங்கள் அபிப்பிராயம். 'மாலை 5:40க்கு, பயிற்சி முடிந்த பிறகு, கையைப் பின்னால் முறுக்கினான் என்று சொன்னான்' என்பது குறிப்பு. இரண்டாவதை எழுதுங்கள். நீங்கள் யாருக்கு எத்தனை மணிக்குத் தெரிவித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தற்காலிகமாக நிறுத்துவது வேறு, தண்டிப்பது வேறு

கோச்சுகள் அதிகம் குழம்புவது இங்கேதான். "இன்னும் எதுவும் நிரூபணம் ஆகலையே சார், எப்படி நிறுத்துவது?" என்று கேட்பார்கள். விசாரணை முடியும்வரை மேட்சில் இறக்காமல் வைப்பது தண்டனை கிடையாது. இரண்டு பக்கப் பிள்ளைகளையும் காப்பாற்றும் ஏற்பாடு. குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் அதில் நன்மை இருக்கிறது. அவன் மைதானத்தில் இறங்கி கேலரியில் இருந்து ஒரு கூச்சல் எழுந்தால், அப்புறம் அவன் பெயரை யாராலும் மூடி வைக்க முடியாது.

ஆனால் அதை அவனிடம் சொல்லும் விதம் முக்கியம். நோட்டீஸ் போர்டில் பெயர் இல்லாததைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. பெற்றோரோடு கூப்பிட்டு, உன்மேல் இப்படி ஒரு புகார் வந்திருக்கிறது, இதை இன்னார் விசாரிக்கிறார்கள், அதுவரை மேட்ச் இல்லை, இது தீர்ப்பு இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். பயிற்சிக்கு வரலாமா கூடாதா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில் ஒரு அடிப்படையை வகுத்தது. பத்து நாள் வரையிலான சஸ்பென்ஷன் என்றாலும் மாணவனுக்கு என்ன குற்றச்சாட்டு என்று சொல்ல வேண்டும், அவன் மறுத்தால் என்ன ஆதாரம் இருக்கிறது என்று விளக்க வேண்டும், அவன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அது வகுப்பறை விஷயம். டீமில் ஆடுவது உரிமையில்லை, சலுகைதான் என்று அங்கே பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இருந்தாலும் இந்த மூன்றையும் டீமிலும் கடைப்பிடிப்பதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் 12ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும்.

போலீஸ் விசாரணை நடக்கிறது என்றால் சம்பவத்தைப் பற்றி அவனிடம் நீங்கள் கேட்கவே வேண்டாம். அவன் உங்களிடம் சொல்வது நாளைக்குச் சாட்சியமாகலாம். "சாப்பிட்டியா, தூங்கினியா, வீட்ல எப்படி இருக்கு" என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

அடுத்த நாள் அப்பா வருவார். கோபத்தோடு வருவார், அல்லது அழுதுகொண்டு வருவார், சில சமயம் சிபாரிசோடு வருவார். மூன்றுக்கும் ஒரே பதில்: காகிதத்தில் உள்ளதைக் காட்டுங்கள், அடுத்தது எப்போது என்று தேதி சொல்லுங்கள். அடுத்த பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். தனியாகச் சந்திக்காதீர்கள், பள்ளியிலிருந்து இன்னொருவர் கூட இருக்கட்டும்.

எவ்வளவு தண்டனை?

விசாரணை முடிந்து, நடந்தது உறுதியானபின் உங்கள் மேசைக்கு வருவது இந்தக் கேள்விதான். அளவுகோல் என்று சூத்திரம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் வரிசை இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது இன்னொருவருக்கு என்ன ஆயிற்று என்பது. அப்புறம் திட்டமிட்டதா, முன்பும் செய்தானா, தானாக ஒப்புக்கொண்டானா, மறைக்க மற்றவர்களை மிரட்டினானா. மிரட்டியிருந்தால், என் கணக்கில் அது முதல் தப்பைவிடப் பெரிது. அவன் எத்தனை கோல் போட்டான் என்பது இந்த வரிசையில் எங்கேயும் வராது. சந்தேகம் வந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள்: இதே காரியத்தை பெஞ்சில் உட்காரும் பதினைந்தாவது ஆள் செய்திருந்தால் என்ன கொடுப்பீர்கள்? பெயரை மறைத்து விவரத்தை மட்டும் துணைக் கோச்சிடம் கொடுத்து, எத்தனை மேட்ச் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ரொம்ப விலகியிருந்தால், யாருடைய மனசில் ஸ்கோர்போர்டு ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

கூட்டத்தோடு சேர்ந்து செய்தவனைத் தனியாக எடை போடுங்கள். 2005இல் வெளியான ஒரு ஆய்வில் கார்டனர், ஸ்டெய்ன்பெர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெவ்வேறு வயதினரை ஒரு கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடவைத்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருக்கும்போது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து ரொம்பக் கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படிப் பெரிய மாற்றம் இல்லை. இதைக் காட்டி யாரையும் தப்பவிட முடியாது. ஆனால் ஆரம்பித்தவன், சேர்ந்துகொண்டவன், போனில் படம் எடுத்தவன், பார்த்துவிட்டு வாய் மூடியவன் நாலு பேருக்கும் ஒரே தண்டனை கொடுப்பது சோம்பேறித்தனம். படம் எடுத்துப் பரப்பியவனை மட்டும் 'சும்மா நின்றவன்' என்று விட்டுவிடாதீர்கள். காயத்தை நாலு சுவருக்கு வெளியே கொண்டுபோனவன் அவன்தான்.

மொத்த டீமையும் தண்டிக்கலாமா? 2013இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் யூனியன் ஹை ஸ்கூல் கோச் மாட் லாப்ரம், ஒரு மேட்ச் தோற்ற இரவு, ஃபுட்பால் டீம் முழுவதும் ஜெர்சியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். டீமில் சிலர் ஒரு மாணவனை நெட்டில் பெயர் மறைத்துத் துன்புறுத்துவதாகப் புகார், கூடவே வகுப்புக்குப் போகாதது, மதிப்பெண் சரிவு. சமூக சேவை செய்து, வகுப்புக்கு ஒழுங்காகப் போய், ஜெர்சியைத் திரும்பச் சம்பாதிக்கச் சொன்னார். பெற்றோரில் பலர் அவரை ஆதரித்தார்கள். எனக்கு அதில் பிடித்தது திரும்பி வரும் வழியை அன்றைக்கே காகிதத்தில் கொடுத்தது. ஆனால் அவரிடம் செய்தவர்களின் பெயர் இல்லை, டீமின் போக்கே கெட்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. செய்தது யார் என்று தெரிந்த பிறகு இருபது பேரைத் தண்டித்தால், அடிபட்டவன்மேல்தான் டீமின் கோபம் திரும்பும். 'இவனாலதான்டா சீசனே போச்சு' என்பார்கள்.

பள்ளிக்கு வெளியே நடந்ததா? 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பார்த்த மஹனாய் வழக்கில், சியர்லீடிங்கில் (மேட்சின்போது ஆடிப்பாடி உற்சாகப்படுத்துவது) பெரிய டீமில் இடம் கிடைக்காத கோபத்தில் ஒரு மாணவி வார இறுதியில் ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தை போட்டிருந்தாள். சியர்லீடிங் டீமிலிருந்து ஒரு வருஷம் நீக்கினார்கள். 8–1 என்ற கணக்கில் தீர்ப்பு மாணவிக்குச் சாதகமாக வந்தது. அதே தீர்ப்பு, ஒருவரைக் குறிவைத்த கடுமையான துன்புறுத்தல், மிரட்டல் போன்றவற்றில் வெளியே நடந்தாலும் பள்ளி தலையிடலாம் என்றும் சொன்னது. வித்தியாசம் புரிகிறதல்லவா? உங்களைத் திட்டி ஸ்டேட்டஸ் போட்டவன் உங்கள் ஈகோவைக் காயப்படுத்தியிருக்கிறான். அது இந்தக் கட்டுரையில் சேராது.

கடைசியாக, எது தண்டனையாகக் கூடாது என்பது. மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, நூறு நூறாகத் தோப்புக்கரணம், வெயிலில் நிற்கவைப்பது எதுவும் வேண்டாம். உடம்பு தாங்காத அளவுக்கு ஓடவிட்டால் தசைநார் சிதைந்து அதிலிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். சிறுநீர் அடர்ந்த பழுப்பாகப் போகும்போதுதான் பலருக்குத் தெரிய வரும். அது ஒரு பக்கம் இருக்க, போன வாரம்வரை பயிற்சி என்று சொன்னதையே இந்த வாரம் தண்டனை என்றால், ஓட்டத்தைப் பார்த்தாலே பிள்ளைக்கு வெறுப்பு வரும்.

டீமிடம் என்ன சொல்வது

மௌனமாக இருந்தால் வாட்ஸ்அப் குரூப் கதை எழுதிவிடும். விவரம் சொன்னால் இரண்டு பிள்ளைகளின் பெயரும் கெடும். அதனால் சின்னதாக, எழுதிவைத்துப் படிப்பதுபோல: "ஒரு விஷயம் நடந்திருக்கு. பள்ளி அதைப் பார்த்துட்டிருக்கு. இன்னார் இப்போதைக்கு ஆட மாட்டான். யார் சொன்னதுன்னு தேடுறது, யாரையாவது ஒதுக்குறது, குரூப்ல பேசுறது, இதில் எது செஞ்சாலும் அதுவும் தனித் தப்பு. யாருக்காவது ஏதாவது தெரியும்னா என்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ வாங்க." கேள்வி கேட்டால், "அதை நான் சொல்ல முடியாது" என்று மட்டும். பத்திரிகைக்காரர்கள் வந்தால் அந்த ஒரு வரிகூட வேண்டாம், பள்ளித் தலைமையைக் கைகாட்டிவிடுங்கள்.

கேப்டன்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அடிபட்டவனை யார் முறைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும் முன் அவர்களுக்குத் தெரியும்.

உங்களையும் விசாரியுங்கள்

2014 அக்டோபரில் நியூ ஜெர்சியின் சேயர்வில் ஹை ஸ்கூலில், லாக்கர் ரூமில் ஜூனியர்களை வதைத்ததாக வந்த புகாரால் மீதி சீசன் முழுவதையும் மாவட்டக் கல்வி நிர்வாகம் ரத்து செய்தது. ஏழு பையன்கள் மீது வழக்கு. கோச்சும் பதவி இழந்தார். இது மாதிரி எங்கே கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பத்து நிமிஷம் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள்? பயிற்சி முடிந்து கடைசிப் பையன் கிளம்பும்வரை உடை மாற்றும் அறை வாசலில் ஒரு பெரியவர் குரல் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் மாறி மாறி நின்றால் இன்னும் நல்லது. என் ஸ்டோர் ரூம் சம்பவத்தில் சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொங்கவிட்டவன் நான்தான்.

திரும்பி வரும் நாள்

தண்டனை முடிந்து வருபவனுக்கு ஒரு தேதியும் சில நிபந்தனைகளும் கொடுங்கள். அளக்கக் கூடிய நிபந்தனையாக இருக்க வேண்டும். 'நல்லவனாக மாற வேண்டும்' என்பதை யார் அளப்பது? 'கவுன்சிலரை ஆறு முறை பார்க்க வேண்டும், கேப்டன் பதவி இந்த சீசனில் கிடையாது, ஜூனியர் அறைக்குள் போகக் கூடாது' என்பதை அளக்கலாம்.

அவன் வரும் தேதி, அதற்கு முன்பே காயம்பட்ட பிள்ளைக்கும் அவன் வீட்டுக்கும் தெரிய வேண்டும். இருவரும் ஒரே டீம் என்றால் வார்ம்-அப் ஜோடி, பஸ் சீட், வெளியூர் மேட்சில் அறை எல்லாவற்றையும் முதல் நாளே நீங்கள் பிரித்து எழுதிவிடுங்கள். அந்தப் பிள்ளை "முடியாது சார்" என்றால், காயப்படுத்தியவனின் பயிற்சி நேரத்தை மாற்றுங்கள். இன்னொருவனின் நேரம் அப்படியே இருக்கட்டும். தண்டனை முடிந்து வருபவன் கையெழுத்துப் போட்ட காகிதம், உங்கள் குறிப்புகள், கொடுத்த புகாரின் நகல் எல்லாம் ஒரே கவரில், பூட்டிய அலமாரியில். சாவி உங்களிடம் ஒன்று, தலைமையாசிரியரிடம் ஒன்று.